கையெட்டும் தூரத்துக் காதல்

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பேத்திக்கு இரண்டு பல் முளைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். எனக்கு மூட்டுவலி இப்போது தேவலை.

அப்புறம், இந்த மழைக்காலம் முழுக்க எனக்கு ஜார்ஜியா நாட்டுக் கதைகள்தான். அலெக்சாந்தர் கஸ்பேகியில் ஆரம்பித்தேன். 1848இல் பிறந்தவர், பெரிய இடத்துப் பிள்ளை. மாஸ்கோவில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர், ஏழு வருஷம் மலையில் ஆடு மேய்த்தார். அங்கே கேட்ட பாட்டுகளின் வாடை அவர் கதைகளில் அடிக்கிறது. வாயால் சொல்லத் துணியாததை அவருடைய மனிதர்கள் பாடிவிடுகிறார்கள்.

ஏன் பாட்டு என்பது அந்த நாட்டின் ஹெவ்சுரேத்தி என்ற மலைப்பகுதிக்காரர்களின் பழைய வழக்கம் ஒன்றைப் படித்த பிறகுதான் உறைத்தது. அந்தக் காலத்தில் அங்கே ஒரு பையனும் பெண்ணும் ஊரறிய நேசிக்கலாம். தூது போகிறவள் பெண்ணை இரவில் அவனிடம் அழைத்து வருவாள். பக்கத்தில் படுத்துப் பேசலாம், கொஞ்சலாம். சில சமயம் நடுவில் வாள் கிடக்கும். எல்லை மீறக் கூடாது. ஒருவரையொருவர் மணக்கவும் முடியாது. கல்யாணத்தை வேறு இடத்தில் பெரியவர்கள் முடிப்பார்கள். மனசில் பொங்கியதை எங்கே கொண்டு போவது? எட்டெட்டு அசையாக வரி கட்டி, மூன்று தந்தி பந்தூரியை மீட்டிப் பாடினார்கள். கட்டியவர்களில் பெண்கள் நிறைய. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

மிகேயில் ஜவாகிஷ்விலியின் ‘வெள்ளைக் காலர்’ கதையை இதை வைத்துத்தான் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1926இல் எழுதியது. பட்டணத்து எஞ்சினியர் ஒருவன் அந்த மலைக்குப் போய் ஹாத்துத்தா என்ற பெண்ணிடம் மனசைக் கொடுக்கிறான். இந்த வழக்கமும் பாட்டும் தெரியாதவனுக்கு அவள் துணிச்சல்காரியாக மட்டும் தெரிவாள். தெரிந்தால், அவள் தன் பாட்டிமார்கள் பாடிய வரிகளுக்குள் நின்று பேசுகிறாள் என்று புரியும். முதல் தடவை எனக்கும் புரியவில்லை. திரும்ப வாசித்தபோது கண் கலங்கிவிட்டது. இதை எழுதியவரை 1937இல் சுட்டுக் கொன்றார்கள் என்பதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

சரி, பொங்கலுக்கு வரும்போது புத்தகத்தைக் கொண்டு வருகிறேன். காதல் பேசும் பக்கங்களில் நூல் வைத்திருக்கிறேன். உனக்குத்தான் நல்ல குரல், நீ வாய்விட்டு வாசி, நான் கேட்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்