எத்தனை குழந்தைன்னு சட்டம் போட்டா எல்லாம் சரியாகிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில மக்கள் தொகை பத்தி நடந்துட்டு இருக்கிற சண்டைய விடாம படிச்சிட்டு வர்றேன். ஒருத்தர் ரெண்டு குழந்தைக்கு மேல பெத்தா ஓட்டுரிமையையே புடுங்கணும்ங்கிறார். இன்னொருத்தர் அதுக்கு நேர் எதிரா, எல்லா நாட்லயும் பிறப்பு குறைஞ்சிட்டு வருது, கல்யாணம் பண்ணியும் பெத்துக்காம இருக்கிறவங்களுக்கு வரி போடணும்ங்கிறார். மூணாவதா ஒருத்தர் செவ்வாய் கிரகத்துக்கு ஆள் அனுப்ப ஆரம்பிச்சிட்டா பிரச்சனை முடிஞ்சிதுன்னு எழுதியிருந்தார். அவருக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். இறந்தவங்களைக் கழிச்ச பிறகும் உலகத்துல வருஷத்துக்கு ஏறத்தாழ 7 கோடி பேர் கூடுறாங்க, அதாவது ஒரு நாளைக்கு 2 லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி, எண்ணிக்கை இப்ப இருக்கிற அளவுலயே நிக்கணும்னாலே தினமும் அத்தனை பேரை ராக்கெட்ல ஏத்தி விடணும், ஞாயித்துக்கிழமை லீவு கூட விட முடியாது.

மத்த ரெண்டு பேரும் ஆளுக்கு ஆள் திட்டிக்கிறாங்களே தவிர, ரெண்டு பேரும் கேக்குறது ஒண்ணுதான்னு எனக்குப் படுது. ஒரு வீட்ல எத்தனை குழந்தை பொறக்கணும்ங்கிறதை அரசாங்கம் முடிவு பண்ணட்டும்ங்கிறாங்க. ஒருத்தர் கம்மியா முடிவு பண்ணச் சொல்றார், ஒருத்தர் அதிகமா முடிவு பண்ணச் சொல்றார், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த அதிகாரத்தை ஒரு தடவை கையில குடுத்துட்டா அது எந்தப் பக்கம் திரும்பும்னு நம்மால சொல்ல முடியாது, இது ஏதோ பயமுறுத்துறதுக்காக சொல்ற கதை இல்லீங்க, போன 60 வருஷத்துல நாடு நாடா நடந்திருக்கு.

ருமேனியாவை எடுத்துக்குங்க. மக்கள் தொகை போதலன்னு 1966ல அங்க ஆட்சியில இருந்த சர்வாதிகாரி சௌசெஸ்கு ஒரு ஆணை போட்டார், கருக்கலைப்புக்கு தடை, கருத்தடை சாதனமும் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. குழந்தை இல்லாதவங்களுக்கு தனி வரி, அதுக்கப்புறம் வேலை பாக்குற இடத்துக்கே டாக்டரை அனுப்பி பொண்ணுங்களுக்கு கர்ப்பப் பரிசோதனை. அடுத்த வருஷமே பிறப்பு விகிதம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு, ஒரு பொண்ணுக்கு சராசரி 1.9 குழந்தைன்னு இருந்தது 3.7 ஆயிடுச்சு. அப்புறம்? சில வருஷத்துல மறுபடியும் இறங்க ஆரம்பிச்சிடுச்சு, ஏன்னா வேணாம்னு நினைச்சவங்க திருட்டுத்தனமா கலைச்சுக்க வழி கண்டுபிடிச்சாங்க, அதுல ஆயிரக்கணக்கான பொண்ணுங்க செத்துப் போனாங்க. 1989 டிசம்பர்ல அவர் ஆட்சி கவுந்ததும் புதுசா வந்தவங்க முதல் வேலையா ரத்து பண்ணினதுல இந்த ஆணையும் ஒண்ணு. பெத்துட்டு வளர்க்க முடியாம விடப்பட்ட குழந்தைங்க ஒரு லட்சத்துக்கு மேல அரசு விடுதிகள்ல இருந்ததை உலகம் அப்பதான் பாத்துச்சு.

இப்ப மறுபக்கம், சீனா. ஒத்தைக் குழந்தை சட்டம்னு சொன்னாலே நம்மாளுங்க "அவன் பண்ணிக் காட்டினான்ல"ம்பாங்க. கொஞ்சம் கணக்கைப் பாருங்க சார். 1970ல அங்க ஒரு பொண்ணுக்கு சராசரி 6 குழந்தை பக்கமா இருந்துச்சு, 1979 வாக்குலயே அது 3க்கு கீழ வந்துடுச்சு, ஒத்தைக் குழந்தை விதி நாடு முழுக்க வந்தது 1980லதான். அதாவது பெரிய இறக்கம் முழுக்க அதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிது, தாமதமா கல்யாணம், இடைவெளி விட்டு குழந்தைன்னு 70கள்ல நடத்தின பிரச்சாரத்துல (அதுலயும் நெருக்கடி இருந்துச்சு, இல்லன்னு சொல்லல). அதுக்கப்புறம் 35 வருஷம் அந்த விதியை இழுத்ததுல கிடைச்சது என்னன்னா, பையன்தான் வேணும்னு பொண்ணுக் கருவைக் கலைச்சு கலைச்சு, 2000த்துக்கு அப்புறம் 100 பொண் குழந்தைக்கு 118, 120 ஆண் குழந்தைன்னு ஆச்சு, இயற்கையா 105, 106தான் இருக்கணும். 2016ல ரெண்டு பெத்துக்கலாம்னாங்க, 2021ல மூணுன்னாங்க, யாரும் பெத்துக்கல, 2022ல இருந்து அந்த நாட்டோட மக்கள் தொகையே குறைய ஆரம்பிச்சிடுச்சு. நேத்து வரைக்கும் ரெண்டாவது குழந்தைக்கு அபராதம் போட்ட அதே அரசாங்கம் இன்னிக்கு மூணாவது பெத்துக்கோன்னு கெஞ்சுது. சிங்கப்பூர்ல கத்தி இல்லாம ரத்தம் இல்லாம இதே கதை, 1972ல ரெண்டோட நிறுத்துங்கன்னாங்க, 1987ல வசதியிருந்தா மூணு பெத்துக்குங்கன்னு மாத்திக்கிட்டாங்க, இன்னிக்கு அங்க சராசரி 1க்கும் கீழ.

இந்தியாவுல எமர்ஜென்சில நடந்ததை மறந்துட்டு பேசுறவங்களைப் பாத்தா எனக்கு ஆச்சரியமா இருக்கு. 1976-77 ஒரே வருஷத்துல 80 லட்சத்துக்கு மேல கருத்தடை ஆபரேஷன், அதுல பெரும்பாலும் ஆம்பளைங்க, டார்கெட் வச்சு ஆள் புடிச்சாங்க, ஆசிரியர், அரசு ஊழியர் எல்லாருக்கும் இத்தனை கேஸ் கொண்டு வரணும்னு கணக்கு. 1977 தேர்தல்ல அதுக்கான பதில் கிடைச்சுது, அப்புறம் அந்தத் துறையோட பேரையே குடும்ப நலம்னு மாத்த வேண்டி வந்துச்சு. ஆனா உண்மையான நஷ்டம் அதுக்கப்புறம்தான். ஆண்கள் கருத்தடைன்னாலே ஓடுறது அன்னிக்கு ஆரம்பிச்சு இன்னும் நிக்கல, 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி கல்யாணமான பொண்ணுங்கள்ல 38 சதவீதம் பேர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க, ஆண்கள் பண்ணிக்கிட்டது 0.3 சதவீதம். இதைப் பத்தி கடைசியில வர்றேன்.

"சரி, சட்டம் வேணாம்னா கைய கட்டிக்கிட்டு பாத்துட்டு இருக்கணுமா"ன்னு கேப்பீங்க. 2022 நவம்பர்ல உலகம் 800 கோடிய தாண்டிச்சு, 2011லதான் 700 கோடியா இருந்துச்சு, அதனால பயம் வர்றது நியாயம்தான். ஆனா அந்த எண்ணிக்கை ஏறுதுங்கிறதையும் பிறப்பு விகிதம் ஏறுதுங்கிறதையும் நிறைய பேர் போட்டு குழப்பிக்கிறாங்க. 1960கள்ல உலகத்துல ஒரு பொண்ணுக்கு சராசரி 5 குழந்தை, இன்னிக்கு 2.3க்கும் கம்மி. பிறப்பு பாதிக்கும் கீழ இறங்கின பிறகும் ஏன் கூட்டம் ஏறுது? ஒரு ஊர்ல 100 ஜோடி, ஆளுக்கு 6 குழந்தை, மொத்தம் 600 பிள்ளைங்கன்னு வச்சுக்குங்க. அதுங்க வளர்ந்து 300 ஜோடியாகி, ஒழுங்கா ரெண்டு ரெண்டோட நிறுத்தினாலும் 600 பேரன் பேத்தி பொறக்கும், அந்த சமயத்துல சாகுற தாத்தா பாட்டி 200 பேர்தான். யாருமே அதிகமா பெத்துக்கல, ஆனா ஊர்ல 400 பேர் கூடியாச்சு. இந்த 600 பேரும் ஏற்கனவே பொறந்தாச்சு, எந்த சட்டம் வந்து அவங்களை இல்லாம ஆக்கும்? இப்படி ஏறி ஏறி 2080கள்ல 1030 கோடிக்கு பக்கத்துல போய் நின்னு அப்புறம் இறங்கும்னு ஐநாவோட 2024 கணிப்பு சொல்லுது. கணிப்பு முன்ன பின்ன இருக்கலாம், போற திசை அதுதான்.

சட்டம் இல்லாமலே வேகமா குறைச்சுக் காட்டின நாடுங்க இருக்கு, அதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கிறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது வங்கதேசத்துல மத்லப்னு ஒரு பகுதியில நடந்தது. 1975ல முதல்ல ஒரு திட்டம் போட்டாங்க, கிராமத்துல வயசான அம்மாக்களை விட்டு வீடு வீடா மாத்திரையும் ஆணுறையும் குடுத்தாங்க. ஆரம்பத்துல வாங்கினாங்க, கொஞ்ச நாள்ல விட்டுட்டாங்க. ஏன்னா மாத்திரை போட்டா தலை சுத்துது, வயித்தைப் பெரட்டுது, யார்கிட்ட கேக்குறது? குடுத்த பாட்டிக்கு ஒண்ணும் தெரியாது. 1977ல முறையை மாத்தினாங்க. அதே கிராமத்துல படிச்ச, கல்யாணமான, தானே கருத்தடை பயன்படுத்துற இளம் பொண்ணுங்களுக்கு பயிற்சி குடுத்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போகச் சொன்னாங்க. மாத்திரை ஒத்துக்கலயா, ஊசி இருக்கு, அதுவும் ஒத்துக்கலயா, காப்பர் டி இருக்கு, எதுவும் வேணாமா, சரி குழந்தைக்கு தடுப்பூசி போட்டாச்சான்னு கேட்டுட்டு போய்டுவாங்க, அடுத்த ரெண்டாவது வாரம் திரும்ப வருவாங்க. பக்கத்துலயே இன்னொரு பாதி கிராமங்கள்ல வழக்கமான அரசு சேவை மட்டும் இருந்துச்சு, ஒப்பிட்டுப் பாக்க. ரெண்டு பக்கமும் அதே மதம், அதே வறுமை, அதே வெள்ளம், ஆனா இந்தப் பக்கம் பிறப்பு கடகடன்னு இறங்கிச்சு. இதே முறையை அப்புறம் நாடு முழுக்க கொண்டு போனாங்க, 70கள்ல கிட்டத்தட்ட 7 குழந்தைன்னு இருந்த நாடு இன்னிக்கு 2 சொச்சத்துல நிக்குது. அபராதமும் இல்ல, ஓட்டுரிமையப் புடுங்குறதும் இல்ல. வேணாம்னு நினைச்ச பொண்ணுக்கு வேணாம்னு சொல்ல ஒரு வழி வாசல்படிக்கே வந்துச்சு.

ஈரானும் அப்படித்தான். 80கள் நடுவுல 6 குழந்தைக்கு மேல, 2000 வாக்குல 2 பக்கம், சீனாவை விட வேகம். கிராமத்துக்கு கிராமம் சுகாதார வீடு, கருத்தடை இலவசம், கல்யாணத்துக்கு முன்னாடி ஜோடியா வகுப்புக்கு வந்தே ஆகணும், பொண்ணுங்க படிப்பு வேற ஏறிட்டு இருந்துச்சு. நாலாவது குழந்தைக்கு சில சலுகைய வெட்டினாங்க, சட்டம்னு பாத்தா அவ்வளவுதான். வயித்தெரிச்சல் என்னன்னா அதே ஈரான்ல மேலிடத்துக்கு மனசு மாறி 2012ல அந்தத் திட்டத்துக்கு காசை நிறுத்தினாங்க, 2021ல இலவசக் கருத்தடைக்கே தடை போட்டு சட்டம் வந்துச்சு. திட்டம் அரசாங்கத்தோட தயவுல இருந்துச்சே தவிர பொண்ணுங்களோட உரிமையா எழுதி வைக்கல, அதான் ஒரு கையெழுத்துல போச்சு. 1994ல கெய்ரோவுல ஐநா மாநாட்டுல எல்லா நாடும் உக்காந்து டார்கெட்டை விடுங்க, பொண்ணோட முடிவை முதல்ல வைங்கன்னு ஒத்துக்கிட்டதெல்லாம் பேப்பர்ல பத்திரமா இருக்கு.

உலகத்துல உண்டாகுற கர்ப்பங்கள்ல கிட்டத்தட்ட பாதி திட்டமிடாம உண்டாகுறதுன்னு ஐநா மக்கள் தொகை நிதியத்தோட 2022 அறிக்கை சொல்லுது, வருஷத்துக்கு 12 கோடி. கேக்காதவங்களை கட்டாயப்படுத்துறதைப் பத்தி பக்கம் பக்கமா எழுதுறோம், கருத்தடை வேணும்னு கேட்டுட்டு நிக்கிறவங்களுக்கு குடுத்து முடிச்சோமா? நைஜர்ல முக்கால்வாசி பொண்ணுங்களுக்கு 18 வயசுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிடுது, அங்க சராசரி 6 குழந்தை, இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேந்ததுன்னு சொல்ல ஆராய்ச்சி வேணுமா? அதோட பெத்த குழந்தை பொழைக்குமாங்கிற பயம் போனாத்தான் அம்மா ரெண்டோட நிறுத்துவா. 1990ல உலகத்துல ஆயிரம் குழந்தைக்கு 93 குழந்தை 5 வயசுக்குள்ள செத்துச்சு, இப்ப அது 37 வாக்குல இறங்கியிருக்கு, தடுப்பூசிக்கு செலவு பண்ணினா கூட்டம் தான் கூடும்னு போன வாரம் எழுதியிருந்தவர் இந்தக் கணக்கை தலைகீழா பாக்குறார்.

நுகர்வு பத்தி ஒரு வார்த்தை. உலகத்துல வசதியான 10 சதவீதம் பேர்தான் கார்பன்ல ஏறத்தாழ பாதிய விடுறாங்க, அதிகமா பெத்துக்குற நாடுங்க விடுறது அதுல துளி. அதனால ஏழை வீட்டுக் குழந்தைய எண்ணிக்கிட்டு பூமியக் காப்பாத்துறேன்னு சொல்றது எனக்கு அபத்தமா படுது. அதுக்காக எண்ணிக்கை ஒரு பிரச்சனையே இல்லன்னு சில படிச்சவங்க சொல்றதையும் ஏத்துக்க முடியல, தண்ணியும் நிலமும் பள்ளிக்கூட பெஞ்சும் தலைக்கு எவ்வளவுன்னுதான் பிரியும். சோத்தை விட ஜனத்தொகை வேகமா ஏறி பஞ்சம் வரும்னு 1798ல மால்தஸ்ங்கிற இங்கிலாந்து அறிஞர் பயந்த மாதிரி நடக்கல, உண்மை, ஆனா அதுக்கு காத்துல இருக்கிற நைட்ரஜனை உரமாக்குற ஹேபர்-பாஷ் முறை மாதிரி ஒண்ணு வர வேண்டியிருந்துச்சு, உலகத்துல பாதிப் பேர் சோறு இன்னிக்கும் அதை நம்பி இருக்கு, அந்த உரத்தாலயே ஆறும் கடலும் கெடுது. அடுத்த தடவையும் அப்படி ஒண்ணு நேரத்துக்கு வந்து நிக்கும்னு நம்பி உக்காந்திருக்க எனக்கு தைரியம் இல்ல.

கடைசியா ஆண்கள் விஷயம். கத்தியில்லாத வாசக்டமிய, அதாவது ஆம்பளைங்களுக்கான கருத்தடை ஆபரேஷனை, 1974லயே சீனாவுல லி ஷுன்சியாங்ங்கிற டாக்டர் கண்டுபிடிச்சிட்டார். விதைப்பையில மரத்துப் போக ஊசி, சின்னதா ஒரு துளை, தையல் கிடையாது, கால் மணி நேர வேலை, அன்னிக்கே வீட்டுக்குப் போய்டலாம். மூணு மாசம் வேற பாதுகாப்பு பயன்படுத்திட்டு, விந்து பரிசோதனை பண்ணி அதுல உயிரணு இல்லன்னு உறுதி பண்ணிக்கணும், அவ்வளவுதான். ஆண்மை போகாது, பலம் குறையாது, ஹார்மோன் அப்படியே இருக்கும். இதுக்கு பதிலா பிரசவ வலியும் பட்டுட்டு வயித்தையும் கிழிச்சுக்கோன்னு பொண்டாட்டிய அனுப்பிட்டு வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கோம்.

ரெண்டுக்கு மேல பெத்தா தண்டனைன்னு உங்க பகுதியில இதுவரைக்கும் எழுதின அத்தனை பேரும் பேரைப் பாத்தா ஆம்பளைங்களாத்தான் தெரியுது. அவங்க அடுத்த கடிதம் எழுதும்போது, ரெண்டு குழந்தை ஆனதும் தாங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்களா இல்ல வீட்டுக்காரம்மா பண்ணிக்கிட்டாங்களான்னு ஒரு வரி சேத்து எழுதச் சொல்லுங்க, அதையும் வெட்டாம போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்