முதலில் வாட்டம், அப்புறம் பெயின்ட்

திருச்சி
ஆவணிக் கடைசி

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பேத்திக்குக் காது குத்திய படமும் பார்த்தேன். உன் ஜாடை துளிகூட இல்லை, குழந்தை தப்பித்தது. இங்கே எல்லாரும் நலம். சின்னவனுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். வீட்டில் நாங்கள் இருவரும் டிவியும்தான். முழங்காலுக்கு எண்ணெய் மாற்றி எண்ணெய் தேய்க்கிறேன், வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சரி, தாம்பரத்தை ஒட்டிய உன் முடிச்சூர் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஹால் சுவரில் முழங்கால் உயரத்துக்கு மண்ணின் ஈரம் ஓதமாக ஏறிப் பெயின்ட் உரிகிறது, மழை பெய்தால் வாசல்படி வரை தண்ணீர் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். ஒருவர் கெமிக்கல் பெயின்ட் அடிக்கச் சொல்கிறார், இன்னொருவர் கிராவல் மண் கொட்டி முற்றத்தை ரோட்டு மட்டத்துக்கு ஏற்றச் சொல்கிறார், மூன்றாமவர் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கலாம் என்கிறார். மூன்று பேருமே தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்ததாகத் தெரியவில்லை.

முதலில் அதைப் பார். அடுத்த மழையில் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வீட்டைச் சுற்று. மாடியிலிருந்து விழுகிற தண்ணீர் எங்கே போகிறது, ரோட்டிலிருந்து கேட்டு வழியாக உள்ளே வருகிறதா, பக்கத்து மனைத் தண்ணீர் சுவருக்கு அடியில் கசிகிறதா, மழை விட்ட பிறகு எந்த மூலை கடைசியாகக் காய்கிறது என்று பார்த்து வை. செலவில்லாத வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

மாடித் தண்ணீரை லேசாக நினைக்காதே. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உன் மொட்டைமாடி 1000 சதுர அடி என்று வை, 93 சதுர மீட்டர். 10 செ.மீ. மழைக்கு 9,300 லிட்டர், சுமாராக ஒரு டேங்கர் லாரித் தண்ணீர். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது நினைவிருக்கும். அந்தக் கணக்கில் ஐந்து டேங்கர். அத்தனையும் இரண்டு மூன்று பைப் வழியாகச் சுவரோரமாக இறங்கி, அஸ்திவாரத்துக்குப் பக்கத்திலேயே மண்ணில் ஊறினால் ஓதம் ஏறாமல் என்ன செய்யும்? அதனால் முதல் செலவு பைப்புக்கு. மாடி பைப் சுவர் காலடியில் முடியக்கூடாது. எல்போ என்கிற வளைவுத் துண்டு போட்டுத் தள்ளிக் கொண்டுபோய் விடு.

எங்கே விடுவது என்று கேட்பாய். மழைநீர் சேகரிப்புக் குழி இருக்குமே. 2003-இல் எல்லா வீட்டுக்கும் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, பல பேர் கணக்குக் காட்டுவதற்காகச் சுவரை ஒட்டி ஒரு குழி தோண்டி ஜல்லியைக் கொட்டினார்கள். அப்புறம் யாரும் திறந்து பார்க்கவில்லை. உன்னுடையதும் சேறு அடைத்துத்தான் கிடக்கும். சுத்தம் செய். சுவரை ஒட்டி இருந்தால் மூடிவிட்டு, வீட்டிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிப் புதிதாகப் போடு. களிமண்ணாக இருந்தால் வெறும் குழி தண்ணீர் குடிக்காது. குழிக்குள் ஆழ்துளைக் குழாய் (போர்) ஒன்று இறக்கி, மணல் தட்டும் ஆழம் வரை போகவேண்டும். இன்னொன்று, சென்னையில் வருட மழை சுமார் 140 செ.மீ., அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலேயே கொட்டிவிடுகிறது. தாழ்வான இடத்தில் கார்த்திகை வந்தால் நிலத்தடி நீரே மேலே வந்து நிற்கும், குழி ஒரு சொட்டுகூட வாங்காது. அதனால் குழி நிறைந்தால் தண்ணீர் வெளியே போக ஒரு வழி கட்டாயம் வேண்டும்.

இப்போது கிராவல் கதை. உன் தெருவிலே எல்லாரும் அதைத்தான் செய்திருப்பார்கள், எனக்குத் தெரியும். ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டு, வீடெல்லாம் பள்ளத்தில் போய்விட்டது. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அறிவுறுத்தினார். உங்கள் தெருவுக்கு அது வந்து சேர்ந்த மாதிரி தெரியவில்லை. அதற்காக முற்றத்தை ஏற்றாதே. பேஸ்மட்டம், அதாவது சுவருக்கு அடியில் உள்ள அடித்தளக் கட்டு, முடிகிற இடத்தில், மண்ணின் ஈரம் சுவருக்கு ஏறாமல் தடுக்க ஒரு கான்கிரீட் பட்டை போட்டிருப்பார்கள். வெளிமண் அந்தப் பட்டைக்கு மேலே போனால் தடுப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான், ஈரம் நேரே செங்கல்லுக்குள் போகும். உப்புப் பூக்கும், கரையானுக்கும் வழி கிடைக்கும். மண் மட்டம் எப்போதும் வீட்டுத் தரைக்கு அரை அடியாவது கீழேதான் இருக்கவேண்டும். முன்னால் இருந்தவர் ஏற்கெனவே மண் போட்டு ஏற்றியிருந்தால், சுவரை ஒட்டி உள்ளதை வெட்டி எடு. உன் ஓதத்துக்குக் காரணமே அதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

வெட்டி எடுத்த பிறகு வீட்டைச் சுற்றி முக்கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் தளம் போடச் சொல். மீட்டருக்கு 3 செ.மீ. வாட்டம், அதாவது சரிவு, வெளிப்பக்கமாக. கொத்தனார் கண்ணால் பார்த்தே "வாட்டம் சரியா இருக்கு சார்" என்பார். நம்பாதே, ஒரு வாளித் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் கூலி கொடு. பக்கத்துச் சந்து மூன்றடிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே வாய்க்காலைக் காம்பவுண்டுச் சுவர் பக்கம் வை, வீட்டுச் சுவர் பக்கம் வைக்காதே. தளமும் சுவரும் சேரும் இடத்தில் விரிசல் விடும், அதை வருடா வருடம் அடைக்கவேண்டும். பேவர் பிளாக் அழகாக இருக்கும், ஆனால் இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கும். அடியில் உள்ள மண்ணுக்கே வாட்டம் இல்லாவிட்டால் மேலே அழகு, கீழே குளம். சுவரோரம் பூச்செடிப் பாத்தி இருந்தால் தங்கச்சி கோபித்தாலும் பரவாயில்லை, காம்பவுண்டு பக்கம் மாற்று.

நம் காலேஜ் நாட்களில் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனோமே, அந்தச் செட்டிநாட்டு வீட்டை இப்போது நினைத்தாலும் ஆச்சரியம். கூரைத் தண்ணீர் முழுக்க நடு முற்றத்தில் விழும், வேண்டியதை அண்டாவில் பிடித்துக்கொள்வார்கள், மிச்சம் தரைக்கு அடியில் வாய்க்கால் வழியாக வெளியே போய்விடும். வீடு முழங்கால் உயரத்துக்கு மேல் ஏறி நிற்கும். நாம் அன்றைக்குப் பார்த்ததெல்லாம் பந்தியைத்தான்.

ரோட்டுத் தண்ணீருக்கு, கேட்டு ஓரத்தில் ரோட்டை விட நான்கு அங்குலம் உயரமாக ஒரு மேடு கட்டி உள்ளே சரித்துவிடு. வண்டி ஏறி இறங்கும், கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான். முற்றத்தின் தாழ்வான மூலையில் ஒரு தொட்டி கட்டி, தானாக ஓடுகிற மிதவை சுவிட்சோடு ஒரு சின்னப் பம்பு போட்டுத் தெருவின் மழைநீர் வடிகாலுக்குத் தள்ளு. வடிகால் நிறைந்தால் அந்தக் குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி வரும், ஒருவழி வால்வு வைக்க மறக்காதே. பெரிய மழையில் கரண்டை நிறுத்திவிடுவார்கள், பம்பை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. எக்காரணம் கொண்டும் மழைத்தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் சேர்க்காதே. அது கக்கூஸ் வழியாக வீட்டுக்குள் வந்தால் பெயின்ட் கவலையெல்லாம் மறந்துபோகும். தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியின் (சம்ப்) மூடியை ஒரு அடி உயர்த்திக் கட்டு. செப்டிக் டேங்க் மூடியின் இடுக்கெல்லாம் பூசிவிடு.

அடையாறு ஆறே பெருகித் தெருவுக்குள் வந்தால் நான் சொன்னது எதுவும் நிற்காது, அதை மறைக்கவில்லை. ஆனால் அது என்றைக்கோ வருவது. இந்த முற்றத்துத் தண்ணீர் ஒவ்வொரு ஐப்பசியும் வருகிறது. ஜாக்கி வைத்துத் தூக்குவது பொய்யில்லை, சென்னையில் நிறைய வீடு தூக்கியிருக்கிறார்கள். ஆனால் காசு தண்ணீராகப் போகும், ஒரு நல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துச் சொல்லாமல் அதைத் தொடாதே. பெயின்ட் கடைசியில். வெளித்தண்ணீரைத் திருப்பிவிட்டு, உப்புப் பிடித்த பூச்சைச் செங்கல் தெரியக் கொத்திவிட்டு, ஒரு கோடை முழுக்கச் சுவரைக் காயவிடு. அப்புறம் பூசி அடி. ஈரச் சுவரில் எந்த கம்பெனி பெயின்டும் நிற்காது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்னாலேயே பேசிவிடு. உன் தண்ணீர் அவர் மனைக்குள் விழுந்தால் ஓதத்தை விடப் பெரிய தலைவலி.

இப்போதைக்கு எனக்கு மூன்று அளவு மட்டும் அனுப்பு: ஹால் தரை, முற்றம், ரோடு. உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் டியூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வாசல்படியிலும் மறுமுனையை கேட்டிலும் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும். ஒரு ஆள் போதாது, மருமகனைப் பிடி. வந்ததும் படம் போட்டு அனுப்புகிறேன். புரட்டாசியிலேயே வேலையைத் தொடங்கிவிடு, ஐப்பசி பிறந்தால் கொத்தனாரும் கிடைக்கமாட்டார்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் பழைய அறைத் தோழன்

பி.கு.: மாடியில் பைப் வாயில் இலைதழை அடைத்திருக்கும். அதை எடுக்க நீ ஏணியில் ஏறாதே, யாராவது பையனை ஏற்று.