அக்காவின் கட்டி ஏன் கரையவில்லை?

அன்புள்ள குமார்,

உன் கடிதத்தைப் பலமுறை படித்துவிட்டேன். ஒரே மெஷின், ஒரே அளவு கரண்ட் (கதிர் சிகிச்சை), கூட வருகிறவருக்குத் தொண்டைப் புற்றுக் கட்டி கரைகிறது, அக்காவுக்கு மட்டும் அசையவில்லை, எங்கே தவறினோம் என்று கேட்டிருக்கிறாய். நீங்கள் எதிலும் தவறவில்லை, குமார்.

கதிர் கட்டியைச் சுட்டுப் பொசுக்குவதில்லை. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை அறுக்கிறது. பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அது ஆறாத காயமாகிவிடும். இல்லாவிட்டால் செல் பெருமளவு தேறிக்கொள்ளும். ஆக்சிஜன் அறவே கிடைக்காத செல்லைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர் வேண்டும். கட்டிக்குள் ரத்தக்குழாய்கள் தாறுமாறாகத்தான் வளரும். குழாயிலிருந்து மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளிப்போனாலே ஆக்சிஜன் எட்டாது. 1955இல் தாம்லின்சன், கிரே என்ற இரு ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றுக் கட்டிகளை நுண்ணோக்கியில் அளந்து இதைக் காட்டினார்கள். அக்காவின் சீட்டில் 'கிரே' என்று கதிரின் அளவு போட்டிருக்குமே, அது அந்தக் கிரேயின் பெயர்தான். தினம் 2 கிரே என்று பிரித்துக் கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: ரத்தக்குழாய் ஓரத்துச் செல்கள் சாகச் சாக, உள்ளே மூச்சுமுட்டிக் கிடப்பவற்றுக்கும் ஆக்சிஜன் போய்ச் சேரும், அடுத்த கதிருக்கு அவை சிக்கும்.

அப்புறம், தொண்டைப் புற்று என்று ஒரே பெயரில் சொன்னாலும் எல்லாம் ஒன்றல்ல. எச்.பி.வி. வைரஸால் வருவது கதிருக்கு எளிதில் பணியும், புகையிலையால் வருவது அவ்வளவு பணியாது. அதனால் கூட வருகிறவரோடு அக்காவை ஒப்பிடாதே. கதிர் பட்ட செல் பெரும்பாலும் உடனே சாவதில்லை, இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் சாகும். பலன் பார்க்கும் பெட் ஸ்கேனையே சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்துத்தான் எடுப்பார்கள். இப்போது கரையவில்லை என்பதை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம்.

வாய்ப்புண் தாங்காமல் ஒரு வாரம் நிறுத்தலாமா என்று அக்கா கேட்பதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சை தொடங்கி நான்கு வாரம் ஆனபின், தப்பிய செல்கள் முன்பைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். விடும் ஒவ்வொரு நாளும் அவற்றுக்கு ஆதாயம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நாளைக்கே டாக்டரிடம் வலியைச் சொல்லுங்கள், வலிக்கு மருந்து உண்டு. விழுங்க முடியாவிட்டால் குழாய் வழியாக ஊட்டவும் வழி இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டு. அவள் பதில் பேச வேண்டாம், வாய் வலிக்கும். டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எழுது.

அன்புடன்,
உன் ரவி