வாசிகசாலைத் திருப்பணி நிறைவு: அங்கத்தவர்களுக்குத் திருப்பணிக் குழுவின் அறிக்கை

அன்புடைய அங்கத்தவர்களுக்கு,

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த வாசிகசாலைத் திருப்பணி நிறைவெய்திவிட்டது. கூரை, தளம், கதவு யன்னல்கள், மின்னிணைப்பு, கரப்பந்தாட்டத் திடலின் விளக்குக் கம்பங்கள், மண்டபத்தின் உட்சுவரில் வரலாற்றுப் பலகைகள் ஆகியன முடிந்துள்ளன. கணக்காய்வாளர் ஒப்பமிட்ட வரவு செலவு விவரம் அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டிருப்பதால் தொகைகளை இங்கே திரும்ப எழுதவில்லை. என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம், எங்கே தவறினோம் என்பதை மட்டும் உங்கள் முன் வைக்கிறோம்.

கூரைதான் முதல் வேலை. பழைய பனங்கைமரங்களில் கறையான் ஏறாதவற்றைத் தட்டிப் பார்த்துத் தெரிந்தெடுத்து, எண்ணெய் பூசி, மீண்டும் ஏற்றினோம். உடைந்த ஓடுகளுக்கு ஈடாக இடிந்த வீடுகளின் வளவுகளில் கிடந்த அதே அச்சு ஓடுகளை ஊரவர்கள் தேடித் தந்தார்கள். தளத்தில் எங்களுக்குப் பிழை நேர்ந்தது. முதலில் வேலையை எடுத்த ஒப்பந்தகாரர் மட்டம் பாராமல் சீமெந்து இட்டதனால் முதல் மழையிலேயே மண்டபத்தின் வடகிழக்கு மூலையில் தண்ணீர் தேங்கியது. அதனை உடைத்து மறுபடி இட வேண்டியதாயிற்று. வேலை நடக்கும்போது குழுவில் ஒருவராவது அருகில் நின்றிருந்தால் அது நேர்ந்திராது. அந்தக் குறை எங்களுடையது. பின்னர் வந்த ஊர் மேசன் ஒவ்வொரு நாளும் குழாயில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்த பின்னரே கரண்டியைக் கையில் எடுத்தார்.

இனி வரலாற்றுப் பலகைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். திருப்பணியில் அதிகம் கேள்வி எழுந்தது அதைப் பற்றியே.

இந்த வாசிகசாலையும் திடலும் உள்ள நமது கழகத்தைத் தொடங்கியவர்கள் காங்கேசன்துறைப் புகையிரதப் பாதையில் வேலை செய்த பாதைத் தொழிலாளர்கள், சிக்னல்காரர், பொயின்ஸ்மன் (வண்டி பாதை மாறத் தண்டவாளத்தைத் திருப்பிவிடுபவர்), கடவைக் காவலாளி என்பது ஊரறிந்த செய்தி. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான 21 மைல் பாதை 1902ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் திகதி திறக்கப்பட்டது. கொழும்பிலிருந்து முதல் வண்டி 1905ஆம் ஆண்டு ஓகஸ்ட் 1ஆம் திகதி யாழ்ப்பாணம் வந்தது. அந்தப் பயணத்துக்கு 13 மணித்தியாலமும் 20 நிமிடமும் எடுத்தன. கோச்சி (புகையிரதம்) வந்த பின்னர்தான் நமது ஊரில் மாதச் சம்பளமும், மணி பார்த்து முடியும் வேலையும், வேலை முடிந்த பின் கையில் மிஞ்சும் ஒரு பொழுதும் உண்டாயின. அந்தப் பொழுதில் பிறந்ததுதான் கழகம். ஆனால் அதைச் சொல்லும் ஒரு தாள்கூட இன்று நம்மிடம் இல்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரினால் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது கூட்டறிக்கைப் புத்தகங்களும் அங்கத்தவர் பதிவேடும் அலுமாரியிலேயே கிடந்தன. திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. எனவே நாங்கள் தொடங்கிய ஆண்டைச் சுவரில் பொறிக்கவில்லை. ஆதாரம் இல்லாத ஆண்டை எழுதிவைத்தால் நமது பிள்ளைகள் அதை உண்மையென்று படிப்பார்கள்.

அவ்வாறாயின் சுவரில் எதை எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, ஓய்வுபெற்ற நிலைய அதிபரான நமது மூத்த அங்கத்தவர் ஒருவர் தாம் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த குறிப்புகளைக் கொண்டுவந்தார். உலகின் பல இடங்களில் புகையிரதத் தொழிலாளர் தொடங்கிய கழகங்களைப் பற்றிய குறிப்புகள் அவை. இங்கிலாந்தின் உதைபந்தாட்டக் கழகமான மான்செஸ்டர் யுனைற்றட் 1878இல் லங்காஷயர் யோர்க்ஷயர் புகையிரதத்தின் பெட்டி கட்டும் பட்டறைத் தொழிலாளர் தொடங்கிய நியூட்டன் ஹீத் அணியே என்பதும், காங்கேசன்துறைப் பாதை திறந்த அதே 1902ஆம் ஆண்டில் அது இன்றைய பெயரைப் பெற்றது என்பதும் இளைஞர்களுக்குப் புதினமாக இருந்தன. உருகுவே நாட்டின் பெனரோல் கழகமும் 1891இல் மொன்டிவிடியோவில் புகையிரத ஊழியர்கள் தொடங்கியதுதான். தென்னமெரிக்கக் கழகங்களின் லிபர்த்தடோரஸ் கிண்ணத்தை 1960இல் முதன்முதலாக வென்றது அந்தக் கழகமே. இவ்விரண்டுக்கும் ஒவ்வொரு பலகை ஒதுக்கினோம். எஞ்சிய பலகைகள் அனைத்தையும் ஆர்ஜென்டினாவின் ஃபெரோ கார்ரில் ஓயெஸ்தே கழகத்துக்குக் கொடுத்தோம்.

‘யாழ்ப்பாணத்து வாசிகசாலையில் ஆர்ஜென்டினாக் கதை எதற்கு?’ என்று குழுவிலேயே கேட்டவர்கள் உண்டு. பலகைகளைப் படித்தால் விடை தெரியும் என்று நம்புகிறோம். ஆயினும் இங்கேயும் சொல்கிறோம்.

அந்தக் கழகத்தின் பெயருக்கு மேற்குப் புகையிரதம் என்பதே பொருள். ஆர்ஜென்டினாவின் முதலாவது புகையிரதப் பாதையான அது 1857இல் புவனஸ் அயர்ஸ் நகரில் பத்து கிலோமீற்றர் தூரத்துக்குத் திறக்கப்பட்டு, 1890இல் பிரித்தானியக் கம்பனியின் கைக்குப் போனது. அந்தக் கம்பனியின் ஊழியர்கள் நூறு பேர் அளவில் ஒன்றுகூடி 1904ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி தங்கள் கழகத்தைத் தொடங்கினார்கள். கபாயீட்டோ என்ற பகுதியில், தண்டவாளத்தை ஒட்டி அவர்களுக்குக் கிடைத்த மைதானம் 1905ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் திகதி திறக்கப்பட்டது. அவர்கள் இன்றும் அதே இடத்தில்தான் விளையாடுகிறார்கள். நமது காங்கேசன்துறை நிலையத்துக்கு இருபத்தைந்து ஆண்டு இடைவெளியின் பின் மீண்டும் வண்டி வந்ததும் ஜனவரி 2ஆம் திகதிதான், 2015இல். இது தற்செயல் என்பது எங்களுக்குத் தெரியும்; ஆனாலும் பலகை எழுதியவர் அந்த இரண்டு திகதிகளையும் ஒரே நிறத்தில் எழுத அனுமதி கேட்டபோது நாங்கள் மறுக்கவில்லை.

உதைபந்தாட்டத்தோடு நின்றிருந்தால் ஃபெரோவை நாம் இவ்வளவு பாராட்ட வேண்டியதில்லை. கூடைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம், கைப்பந்து, டெனிஸ், நீச்சல், ஹொக்கி என்று ஒரு குடும்பத்தின் எல்லா வயதினரும் வந்துபோகும் இடமாக அவர்கள் அதை வளர்த்தார்கள். நீண்ட காலம் தலைவராக இருந்த சாந்தியாகோ லெய்டன் காலத்தில் அது நாட்டுக்கே எடுத்துக்காட்டான கழகமாயிற்று. 1981இல் உதைபந்தாட்டத்தில், மரடோனா விளையாடிய போகா ஜூனியர்ஸ் அணியிடம் ஒரேயொரு புள்ளியால் கிண்ணத்தை இழந்தார்கள். அதே ஆண்டில் அவர்களது கோல் காப்பாளர் கார்லோஸ் பரிசியோ 1075 நிமிடங்கள் ஒரு கோல்கூட விடாமல் நின்றார். அடுத்த ஆண்டு, 1982இல், ஒரு போட்டியிலும் தோற்காமல் தேசிய வாகையரானார்கள். 1984இல் ரிவர் பிளேட் அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 3–0 என்று வென்று, பின்னர் தங்கள் மைதானத்திலும் வென்று இரண்டாம் முறை வாகை சூடினார்கள். அப்போதைய பயிற்றுநர் கார்லோஸ் கிரிகோல், இளம் வீரர்களிடம் கார் வாங்குமுன் வீட்டை வாங்கு என்றும் படிப்பை விடாதே என்றும் சொல்லி வளர்த்தவர் என்று இன்றும் அங்கே நினைவுகூருகிறார்கள். நமது பயிற்றுநர்களும் பெற்றோரும் இந்தப் பலகையின் முன்னே ஒருமுறை நிற்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

கூடைப்பந்தாட்டத்தில் அவர்கள் செய்தது அதைவிடப் பெரிது என்பது எங்கள் கணிப்பு. லெயோன் நஜ்நுடேல் என்ற பயிற்றுநரின் கீழ் 1981இலும் 1982இலும் தென்னமெரிக்கக் கழக வாகையரான பின்னர், தலைநகரின் கழகங்களே விளையாட்டை ஆண்டுகொண்டிருந்தால் நாட்டுக்கு நல்ல அணி வராது, வெளியூர்ப் பட்டினங்களும் சமமாக மோதும் தேசிய லீக் வேண்டும் என்று அவர் ஊர் ஊராகச் சென்று வாதாடினார். தலைநகர்க் கழகம் ஒன்றில் வேலை செய்துகொண்டே தலைநகரின் தனியுரிமைக்கு எதிராகப் பேசியவர் அவர். 1985இல் அந்த லீக் தொடங்கியது. முதல் வாகையர் ஃபெரோவே. அந்த லீக் தந்த தலைமுறைதான் 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது. அவ்வணியின் லூயிஸ் ஸ்கோலா சிறுவனாகப் பந்து தட்டியது ஃபெரோவில். நஜ்நுடேல் அதைக் காணவில்லை, 1998இலேயே காலமாகிவிட்டார். கொழும்புக்குப் போய் விளையாடினால்தான் கண்ணில் படலாம் என்றிருக்கும் நமது பிள்ளைகளின் நிலையை அறிந்தவர்களுக்கு இந்தப் பலகையின் அருமை புரியும்.

ஆறாவது பலகையைத்தான் நாங்கள் அதிக நேரம் பேசித் தீர்மானித்தோம். இவ்வளவு உயர்ந்த கழகம் விழுந்தது. கடன் ஏறியது, 2000இல் முதலாம் பிரிவிலிருந்தும் அடுத்த ஆண்டே இரண்டாம் பிரிவிலிருந்தும் இறங்கியது, 2002 டிசெம்பரில் நீதிமன்றம் அதனை வங்குரோத்து நிலையிலுள்ளதென அறிவித்தது. அதன்பின் அங்கத்தவர்கள் தெரிவு செய்யும் நிர்வாகசபை இல்லை. நீதிபதியின் மேற்பார்வையில் நம்பிக்கைப் பொறுப்பாளர்களே கழகத்தை நடத்தினார்கள். தாங்கள் கட்டிய வீட்டில் தாங்களே வாடகைக்கு இருப்பவர்கள் போன்ற அந்த நிலையிலும் அங்கத்தவர்கள் சந்தா கட்டுவதை நிறுத்தவில்லை; பிள்ளைகளை நீச்சலுக்கும் பந்துக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2014இல் கழகம் மீண்டும் அங்கத்தவர்களின் கைக்கு வந்து, தங்கள் வாக்கினால் தலைவரைத் தெரிவு செய்தார்கள். முதலாம் பிரிவுக்கு உடனே திரும்பிவிடவில்லை. ஆனால் கழகம் அவர்களுடையது. வெற்றிகளை மட்டும் எழுதி இதை விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆறாவது பலகை இல்லாவிட்டால் மற்றவற்றை எழுதவே வேண்டாம் என்பது பெரும்பான்மையினரின் முடிவு.

கழகம் அங்கத்தவர் எல்லோருக்கும் உரியது என்ற இதே காரணத்தினால்தான் உபயகாரர்களின் பெயர்களைக் கல்லில் பொறிப்பதில்லை என்றும் தீர்மானித்தோம். கோயில் மணி தொடக்கம் மின்விசிறி இறக்கை வரை உபயம் எழுதுவது நமது வழக்கம். அதை நாங்கள் குறை கூறவில்லை. கனடாவிலும் பிரான்சிலும் இலண்டனிலும் இருந்து உதவிய நமது பிள்ளைகள் இல்லாமல் இந்தக் கூரை ஏறியிராது என்பதையும் நன்றியுடன் பதிகிறோம். ஆனால் பெரிய தொகை தந்தவருக்குச் சுவரும், மாதாமாதம் நூறு ரூபாய் கட்டும் கடவைக் காவலாளியின் மகளுக்கு ஒன்றுமில்லை என்றும் ஆவதை நாங்கள் விரும்பவில்லை. சுவர்க் கல்லுக்குப் பதிலாகப் புதிய அங்கத்தவர் பதிவேடு ஒன்றைத் தைப்பித்து, கண்ணாடி அலுமாரியில் வைத்திருக்கிறோம். அதன் முதற் பக்கங்களில், முதியவர்களின் நினைவிலிருந்து கேட்டுத் திரட்டிய பழைய அங்கத்தவர்களின் பெயர்களை, அவர்கள் செய்த வேலையோடு எழுதியுள்ளோம். தகப்பனாரின் பெயரில் கல் வைக்க வேண்டும் என்று பாரிசிலிருந்து உறுதியாகக் கேட்ட அன்பர் ஒருவர், அந்தப் பக்கத்தின் படத்தை அனுப்பியபோது நெடுநேரம் மறுமொழி எழுதவில்லை. பிறகு, ‘பொயின்ஸ்மன் என்று மட்டும் போடாதேங்கோ, மாவிட்டபுரம் பொயின்ஸ்மன் என்று எழுதுங்கோ’ என்று ஒரு வரி அனுப்பினார். அவ்வாறே திருத்தி எழுதினோம்.

விளக்குக் கம்பத்துக்குக் குழி வெட்டியபோது நேர்ந்த ஒன்றையும் பதிய வேண்டும். திடலின் கிழக்கு ஓரத்தில் மண் மூடிய பழைய பங்கர் (பதுங்குகுழி) ஒன்று அகப்பட்டது. அதன் மேற்கூரைக்கு இட்டிருந்த, தண்டவாளத்தைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகள் இரண்டும், ஒரு பாக நீளத் தண்டவாளத் துண்டும் உள்ளே இருந்தன. 1990 ஜூன் மாதத்தில் வண்டி நின்ற பின்னர் இந்தப் பாதை முழுவதும் அவ்வாறே பிடுங்கப்பட்டுப் பங்கர்களுக்குள் போனது என்பதை நாம் அறிவோம். கட்டைகள் கையில் எடுக்கவே உதிர்ந்தன. இரும்பு துருவின் கீழே உறுதியாக இருந்தது. அது புகையிரதத் திணைக்களத்தின் உடைமை என்பதால் எழுத்தில் அறிவித்திருக்கிறோம். கேட்டால் திருப்பிக் கொடுப்போம். அதுவரை, பழைய நாளில் பள்ளிக்கூடங்களில் செய்தது போல, அடித்து ஒலிக்கும் மணியாக வேப்பமரக் கிளையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

கிணற்றுக் கட்டின் மேற்பூச்சும், பெண்கள் உடைமாற்றும் அறைக்கான கதவும் இன்னும் மீதியாக உள்ளன. கதவுக்குத் தச்சரிடம் முற்பணம் கொடுத்தாயிற்று. கிணற்று வேலை மாரி கழிந்த பின்னரே தொடங்கும். வரலாற்றுப் பலகைகளில் பிழை கண்டவர்கள் எழுத்தில் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். எழுதிய கலைஞர் திருத்தித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். பழைய கழகத்தின் படமோ, சந்தாத் துண்டோ, அழைப்பிதழோ எவரிடமாவது இருந்தால் படியெடுத்துவிட்டு உடனே திருப்பித் தருவோம்.

புதிய பதிவேட்டில் ஒப்பமிடுவதற்கு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை பொருளாளர் மண்டபத்தில் இருப்பார். நான்கு மணிக்குத் தண்டவாளம் அடிக்கப்படும்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்