எடைக்குப் போடும் முன் ஒரு சோதனை

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரக் கல்லூரிகளில் 2 ஜிபி நினைவகம் கொண்ட கணினிகளை 'இனி எதற்கும் உதவாது' என்று எடைக்குப் போடும் முன் ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். அவற்றில் டெபியன் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவி, வீசாட் (WeeChat) என்ற அரட்டை மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் என்ற எழுத்துத் திரையில் இயங்கும் இதற்குச் சில பத்து எம்பி நினைவகமே போதும். செபஸ்தியான் எல்லூ 2003-இல் சி மொழியில் எழுதத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. டெபியன் போன்ற திட்டங்களின் அன்றாடப் பேச்சு இன்றும் ஐஆர்சி என்ற இணைய அரட்டை முறையின் சேனல்களில், அதாவது பேச்சு அறைகளில், நடக்கிறது. வீசாட் வழியாக அங்கே நுழையலாம். பொள்ளாச்சி மாணவரும் அங்கே நேரடியாகக் கேள்வி கேட்கலாம்.

முதல் நாளிலேயே பலர் இடறும் இடம் இணைப்புதான். டெபியன் 12-இல் கிடைப்பது வீசாட் 3.8 பதிப்பு. அதில் சர்வரைச் சேர்க்கும்போது 6697 என்ற போர்ட்டோடு (இணைப்பு வாயில் எண்), எஸ்எஸ்எல் என்ற மறையாக்க விருப்பத்தையும் கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் மறையாக்கம் எதிர்பார்க்கும் போர்ட்டில் வெற்றுரையாகப் பேச முயன்று, இணைப்பு முறிந்துவிடும். 4.0 பதிப்பில் அந்த விருப்பத்தின் பெயர் டிஎல்எஸ் என்று மாறி, இயல்பாகவே இயக்கத்திலும் இருக்கிறது. புதிய வழிகாட்டியைப் பார்த்துப் பழைய பதிப்பில் தட்டினால் ஏற்காது. முதலில் 'வெர்ஷன்' கட்டளையைக் கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஆய்வகக் கணினியைப் பலர் பயன்படுத்துவார்கள். கடவுச்சொல்லைச் சாதாரணமாக அமைத்தால் அது கோப்பில் அப்படியே படிக்கும்படி கிடக்கும். 'செக்யூர்' கட்டளையில் முதலில் ஒரு பாஸ்ஃபிரேஸ் (பூட்டுச் சொற்றொடர்) வைத்து, அதன்பின் கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டும். பைதான், பெர்ல், ரூபி, லுவா எனப் பல மொழிகளில் ஸ்கிரிப்ட் எழுதி இதை விரிவாக்கலாம். மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எங்கே கிடைக்கும்? ஆனால் வீசாட்டை டெர்மினலில் ஓட்டும் கர்சஸ் பொதியை மட்டும் நிறுவினால் பைதான் ஸ்கிரிப்ட் ஓடாது. பைதானுக்கான பொதி தனி. அடுத்தவர் எழுதிய ஸ்கிரிப்டைப் படிக்காமல் ஏற்ற வேண்டாம். உங்கள் கோப்புகளைத் தொடும் உரிமை முழுவதும் அதற்கு உண்டு.

தமிழில் பேச விரும்புவோர் கவனிக்க வேண்டியவை வேறு. டெஸ்க்டாப் இல்லாத வெறும் எழுத்துத் திரையில் தமிழ் எழுத்து தெரியாது. இலகுவான டெஸ்க்டாப் ஒன்றும், கான்சோல் என்ற பெயருள்ள கேடிஈ டெர்மினலும் வேண்டும். எக்ஸ்டெர்ம் என்ற வேறொரு டெர்மினலில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எதிர்முனைக்குச் செய்தி சரியாகவே போகிறது. எழுத்துகளுக்குப் பதில் கேள்விக்குறிகள் வந்தால், லோகேல் என்ற கணினியின் மொழி அமைப்பு, தமிழைத் தாங்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் இல்லை என்று பொருள். இன்னொன்று நீளம். ஐஆர்சியில் ஒரு செய்தி 512 பைட்டுக்குள் அடங்க வேண்டும், அதில் முகவரிப் பகுதியும் சேர்த்தி. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'கொங்கு' என்ற சொல்லே 18 பைட், 'கோயம்புத்தூர்' 39. நீண்ட வரியை வீசாட் தானே இரண்டாக உடைத்து அனுப்பும், எதுவும் தொலையாது. ஆனாலும் வாக்கியத்தைச் சிறிதாக முடித்தால் படிப்பவருக்குச் சிரமம் இல்லை.

வால்பாறை மலைப்பாதையில் சிக்னல் போனால், அந்த நேரத்தில் வந்த பேச்சு கிடைக்காது. பொதுவாக ஐஆர்சி சர்வர்கள் அதைச் சேர்த்து வைப்பதில்லை. எப்போதும் இயங்கும் கணினி ஒன்றில் டிமக்ஸுக்குள் (நாம் விலகினாலும் டெர்மினலை ஓடவிடும் மென்பொருள்) வீசாட்டை ஓடவிட்டு, எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக நுழைந்தால் விட்ட இடத்திலிருந்து படிக்கலாம். எடைக்குப் போக இருக்கும் கணினிகளில் ஒன்றையாவது கல்லூரிகள் இந்த வேலைக்கு ஒதுக்கி, யுபிஎஸ்ஸோடு ஆய்வக மூலையில் வைக்க வேண்டுகிறோம்.

– லினக்ஸ் பயிற்றுநர்கள், கோவை