பழைய டிக்கெட்டுக்கு மதிப்பு உண்டா, இல்லையா? எழுத்தில் பதில் கேட்டுப் புகார்

பெறுநர்
பொது மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கேளிக்கைப் பூங்காத் தலைமை அலுவலகம்.

பொருள்: காலாவதி இல்லை என்று அச்சிட்டு விற்ற பல நாள் டிக்கெட்டின் இன்றைய மதிப்பைச் சொல்லாமல் அலைக்கழிப்பது மற்றும் அசல் டிக்கெட்டைச் சேதப்படுத்தியது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு கேள்வி. உங்கள் நிறுவனம் அச்சடித்து, உங்கள் கவுண்டரில் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த டிக்கெட் இன்று செல்லுமா, செல்லாதா? ஆமாம் அல்லது இல்லை என்று ஒரு வரி எழுத்தில் வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. ஹெல்ப்லைன், மின்னஞ்சல், ஆப், வாசல், அலுவலகம் என்று எல்லாப் பக்கமும் முட்டிப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

டிக்கெட்டைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, அது உங்கள் சரக்கு. இருந்தாலும் உங்கள் ஊழியர்களில் ஒருவர்கூட அதை அடையாளம் காணவில்லை என்பதால் சொல்கிறேன். மூன்று நாள் டிக்கெட், மொத்தம் நான்கு. அப்பா, அம்மா, நான், தம்பி. ஒரு நாள்தான் போனோம். அன்று மாலையே அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது, திரும்பிவிட்டோம். ஆக ஆளுக்கு இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது. அப்பா அவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தார். தடித்த அட்டை, முன்பக்கம் ராட்டினப் படம், ஓரத்தில் கிழிக்கும் புள்ளி வரிசை, பின்பக்கம் கறுப்பு காந்தப் பட்டை. பட்டைக்குக் கீழே பொடி எழுத்தில் 'பயன்படுத்தாத நாட்களுக்குக் காலாவதி இல்லை' என்று உங்கள் நிறுவனமே அச்சிட்டிருக்கிறது. அதற்கும் கீழே வரிசை எண். முதல் நாள் போனதற்கு அடையாளமாக ஒரு ஓட்டை. மற்ற இரண்டு கட்டமும் அப்படியே இருக்கின்றன.

இதில் என்ன குழப்பம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஹெல்ப்லைனில் முதலில் பேசியவர், "மின்னஞ்சல் அனுப்புங்க, பார்த்துச் சொல்வாங்க" என்றார். அனுப்பினேன். உடனே ஒரு தானியங்கிப் பதில் வந்தது: சந்தேகங்களுக்கு ஹெல்ப்லைனை அழைக்கவும். மறுபடி அழைத்தேன். இந்த முறை வேறொருவர். "ஆப்ல டிக்கெட் நம்பரை அடிங்க, தானாகக் காட்டும்" என்றார். உங்கள் ஆப் எண்களை மட்டும்தான் ஏற்கிறது. எங்கள் டிக்கெட் எண்ணின் முன்னால் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. அதைச் சொன்னால், "அப்ப அது நம்ம டிக்கெட்டே இல்லை மேடம்" என்கிறார்! உங்கள் பெயரும் சின்னமும் மேலே கொட்டை எழுத்தில் இருக்கிறது ஐயா. தான் அச்சடித்த காகிதத்தைத் தனக்கே தெரியாது என்பது, பெற்ற பிள்ளையைப் பார்த்து நீ யார் என்று கேட்பது போல இருக்கிறது.

அடுத்து நேரில் வந்த கதை. அசல் டிக்கெட்டோடு வேலை நாளில் வந்து விருந்தினர் சேவைக் கவுண்டரில் காட்டுங்கள் என்று உங்கள் மின்னஞ்சலே சொன்னது. அப்பாவுக்கு மூட்டுவலி, அதிக நேரம் நிற்க முடியாது. டிக்கெட் வாங்கியவர் அவர்தான் என்பதால் கூட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் இருந்தவர் ஸ்கேனரில் வைத்துப் பார்த்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. "உள்ளே விருந்தினர் சேவை இருக்கு, அங்கே கேளுங்க" என்றார். சரி, உள்ளே விடுங்கள் என்றோம். "டிக்கெட் இல்லாம உள்ளே விட முடியாது" என்றார். பழைய டிக்கெட் செல்லுமா என்று கேட்பதற்கு உள்ளே போகப் புது டிக்கெட் வாங்க வேண்டுமாம்! கேட்டதும் எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. உலகின் பெரிய பூங்காக்களில் டிக்கெட் சிக்கலைத் தீர்க்கும் கவுண்டரை வாசலுக்கு வெளியேயும் வைத்திருக்கிறார்கள். இந்தச் சின்ன விஷயம்கூட உங்களுக்குத் தோன்றவில்லையா? அப்பா அந்த வெயிலில் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் மறக்க மாட்டேன்.

கடைசியில் யாரோ ஒரு மேற்பார்வையாளர் மனமிரங்கி உள்ளேயிருந்து ஒருவரை வரவழைத்தார். அவருக்கு என் நன்றி. ஆனால் வந்தவர்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம்.

சட்டையில் உங்கள் நிறுவனப் பெயர்ப் பட்டை குத்தியிருந்த அவர், வந்ததும் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். டிக்கெட்டை வாங்கி, நாக்கில் விரலைத் தொட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இதெல்லாம் எந்தக் காலத்துது? லேமினேட் பண்ணி ஷோகேஸ்ல வையுங்க பெரியவரே, பேரப் பிள்ளைங்க பார்க்கும்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுபது வயதைத் தாண்டிய மனிதர், உங்கள் வார்த்தையை நம்பிக் காசு கொடுத்தவர், அவருக்கு நீங்கள் தரும் மரியாதை இதுதானா?

அந்த யோசனை எவ்வளவு தப்பானது என்றாவது அவருக்குத் தெரியுமா? இந்த மாதிரி டிக்கெட்டுகளில் எண்ணும் தேதியும் வெப்பத்தில் பதிகிற அச்சு. லேமினேட் செய்யும் சூட்டில் அந்தப் பக்கமே கறுத்துப்போகும், எண் அழிந்துவிடும். அவர் பேச்சைக் கேட்டிருந்தால் எங்கள் கையிலிருந்த ஒரே ஆதாரமும் போயிருக்கும். உங்கள் பொருளை எப்படிப் பாதுகாப்பது என்று உங்கள் ஊழியருக்கே தெரியவில்லை.

"ஸ்கேனர் படிக்கலைன்னா டிக்கெட் செத்துப்போச்சுன்னு அர்த்தம்" என்றும் சொன்னார். அது எப்படி? பழைய டிக்கெட்டின் காந்தப் பட்டைகள் பெரும்பாலும் 300 ஓர்ஸ்டெட் (காந்தம் பட்டால் அழியாமல் தாங்கும் திறனின் அளவு) அளவில் பதிந்தவை, பை மூடியிலோ போன் உறையிலோ இருக்கும் சின்னக் காந்தம் பட்டாலே அழிந்துவிடும். வங்கி அட்டைப் பட்டைகள் 2750 ஓர்ஸ்டெட், அவை தாங்கும். பட்டை அழிவது சகஜம் என்பதால்தானே கையால் அடித்துப் பார்க்க வரிசை எண்ணை அட்டையிலேயே அச்சிடுகிறீர்கள்? எத்தனை நாள் மிச்சம் என்ற கணக்கு உங்கள் சர்வரில் இருக்க வேண்டும், என் அட்டையில் இல்லை. எண்ணைத் தட்டிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். "பழைய சிஸ்டம் இப்ப இல்லை, நிர்வாகம் மாறிடுச்சு" என்று முடித்துவிட்டார்.

நிர்வாகம் மாறினால் கடன் மறைந்துவிடுமா? என் மைத்துனர் கணக்குத் தணிக்கையில் இருப்பவர். முன்கூட்டி வாங்கிய டிக்கெட் பணம், சேவை கொடுக்கும்வரை நிறுவனத்தின் வருமானம் ஆகாது, கணக்கில் அது பொறுப்பு, அதாவது இன்னும் தீர்க்க வேண்டிய கடன் என்றுதான் நிற்கும் என்று அவர் சொன்னார். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச நிதி அறிக்கையிடல் தரநிலை (IFRS) 15-ம், வாடிக்கையாளர் பயன்படுத்தாமல் விட்ட உரிமையை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று தனியாகவே பேசுகிறது. அப்படியென்றால் எங்கள் எட்டு நாட்களை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

டிஸ்னியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அவர்கள் நடத்தும் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் பூங்காவில் காலாவதி இல்லாத டிக்கெட் விற்பதை 2015-ல் நிறுத்தினார்கள். ஆனால் அதற்கு முன் வாங்கியவர்களுக்கு மிச்ச நாட்கள் மிச்சம்தான், விற்றதை மதிக்கிறார்கள். அங்கே முழுக்கப் பயன்படுத்தாத, தேதி தாண்டிய டிக்கெட்டுக்குக்கூடக் கொடுத்த விலையைப் புது டிக்கெட் விலையில் கழித்துக்கொள்ளும் வழி இருக்கிறது. அவ்வளவு பெரிய நிறுவனத்தால் முடிகிறது, உங்களால் ஒரு எண்ணைத் தேடக்கூட முடியவில்லை.

ஸ்டேப்ளர் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், அதை நினைத்தாலே கை நடுங்குகிறது. நாங்கள் விடாமல் கேட்டதால், "சரி, மேலே அனுப்பறேன்" என்று ஒரு படிவத்தை எடுத்து, என்னைக் கேட்காமல் நான்கு அசல் டிக்கெட்டையும் அதோடு சேர்த்து ஸ்டேப்ளரால் பின் அடித்தார். வரிசை எண்ணின் முதல் எழுத்துக்கு மேலேயே பின் இறங்கியது. ரசீது கொடுங்கள் என்றேன், "ரசீதெல்லாம் கிடையாது" என்றார். அசலை விட்டுவிட்டு வெறுங்கையோடு போக நான் தயாராக இல்லை, திருப்பி வாங்கிக்கொண்டேன். பின்னைக் கழற்றியபோது புள்ளி வரிசையோரமாக ஒரு டிக்கெட் கிழிந்தது.

இந்த டிக்கெட்டுக்கு இரண்டு விதமான மதிப்பு இருக்கிறது. ஒன்று வாசலில் செல்லும் மதிப்பு, அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். இன்னொன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கும் மதிப்பு. பழைய பூங்கா டிக்கெட்டுகளைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். மடிப்பு, கறை, பின் ஓட்டை, ஒட்டுநாடா எதுவும் இல்லாமல், ஓரம் கிழியாமல் இருந்தால்தான் அவர்கள் நல்ல விலை தருவார்கள். வாசலில் செல்லுமென்றால் குடும்பத்தோடு வருவோம், செல்லாதென்றால் அப்படியே வைத்துக்கொள்வோம் அல்லது விற்போம். இரண்டில் எது என்று தெரியாமல் எங்களால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. உங்கள் ஆள் ஒரே அடியில் இரண்டையும் கெடுத்துவிட்டார். இது எங்கள் குடும்பச் சொத்து. இனி எத்தனை பணம் கொடுத்தாலும் அந்த நான்கும் பழையபடி ஆகாது. அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பூங்கா மேல் எங்களுக்கு வெறுப்பு இல்லை. அம்மா கடைசியாக மனம்விட்டுச் சிரித்த இடம் அது, அதனால்தான் இவ்வளவு அலைகிறோம். உங்கள் மட்டத்தில் ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் அரை மணி நேர வேலை என்று எனக்குத் தெரியும்.

தயவுசெய்து அந்த நான்கு வரிசை எண்களையும் பழைய பதிவேட்டில் தேடி, ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் மிச்சம் என்று எழுத்தில் சொல்லுங்கள். செல்லுமென்றால் எந்தக் கவுண்டரில், யாரிடம், என்ன ஆதாரத்தோடு வர வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சொல்லுங்கள், வாசலில் இன்னொரு முறை அப்பா நிற்க மாட்டார். நுழைய முடியாதென்றால், கொடுத்த விலையைப் புது டிக்கெட்டில் கழிப்பீர்களா என்று சொல்லுங்கள். அதுவும் இல்லையென்றால், காலாவதி இல்லை என்று அச்சிட்ட டிக்கெட் எந்த விதியின்படி காலாவதியானது என்று காரணம் எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். அசலை ஒப்படைக்கச் சொல்லாதீர்கள், அதன் மேல் முத்திரை குத்தவும் சம்மதிக்க மாட்டேன். பின் அடித்த ஊழியர் அப்பாவிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த மாத இறுதிக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பேன். டிக்கெட்டின் இருபக்கப் படங்கள், உங்கள் மின்னஞ்சல்கள், அழைத்த தேதிகள் எல்லாம் அடுக்கித் தயாராக இருக்கின்றன. இதே மாதிரி பழைய டிக்கெட் வைத்திருக்கும் மற்ற குடும்பங்களையும் தேடிச் சேர்ப்பேன். அதற்கு அவசியம் வராமல் நீங்கள் முடித்துக்கொடுப்பீர்கள் என்றே இன்னும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பூங்காவின் வாடிக்கையாளர்

இணைப்பு: நான்கு டிக்கெட்டுகளின் இருபக்க நகல். எண்ணைப் பார்த்து யாராவது பயன்படுத்திவிடக் கூடாது என்பதால் கடைசி எண்களை மறைத்திருக்கிறேன். பொறுப்பான அதிகாரி தன் பெயரையும் பதவியையும் சொல்லித் தொடர்புகொண்டால் முழு எண்ணைத் தருகிறேன்.