துப்பாக்கி விவாதமும் சொந்தக் கட்சியின் கூச்சலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஏதேனும் ஒரு பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்துவிட்டால், இறந்தவர்களின் எண்ணிக்கைக்கு அடுத்தபடியாகத் தங்கள் நாளிதழின் வெளிநாட்டுப் பக்கத்தில் இடம்பெறுவது, எந்தத் தலைவர் எந்தத் தலைவரை எப்படிச் சாடினார் என்ற செய்திதான். சாடுவது அரசியலில் புதிதன்று. துப்பாக்கி விவாதத்தைக் கெடுப்பது, எதிர்த்தரப்போடு இணங்கிப் போகிறவரைச் சொந்தக் கட்சியினரே கூச்சலிட்டு அடக்குவதுதான் என்பதும், அது நமக்கும் நன்கு பழக்கப்பட்டதே என்பதும் என் கருத்து.

2022 மே மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் யுவால்டி நகரத் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் உறுப்பினர்கள், ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் மர்பியும் குடியரசுக் கட்சியின் ஜான் கார்னினும் முன்னின்று பேச்சுவார்த்தை நடத்தி, 21 வயதுக்குக் குறைந்தவர்கள் துப்பாக்கி வாங்கும்போது அவர்களுடைய பின்னணியைக் கூடுதலாக விசாரிக்க வகைசெய்யும் மசோதா ஒன்றுக்கு வழிவகுத்தார்கள். பெரிய சட்டமென்று அதைச் சொல்ல முடியாது. யாருடைய வீட்டுத் துப்பாக்கியையும் அது பறிக்கவில்லை. ஆயினும் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, ஹூஸ்டனில் கூடிய தம் சொந்தக் கட்சியின் மாநில மாநாட்டில் கார்னின் பேச எழுந்தபோது, அரங்கிலிருந்தவர்கள் கூச்சலிட்டு அவரை அவமதித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. அடுத்த வாரமே செனட்டில் 65க்கு 33 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. எதிரணியினர் ஏசியிருந்தால் அதை அவர் மாலையாகவே சூடிக்கொண்டிருக்கலாம். தம்மவர் கூச்சலைத் தாங்கத்தான் தனித் துணிவு வேண்டும்.

இந்த நிலை அங்கே தொன்றுதொட்டு இருந்ததுமில்லை. ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைக் கூறும் இரண்டாவது சட்டத்திருத்தம் 1791ஆம் ஆண்டுக்குரியது. அதன்மேல் கட்சி முத்திரை இவ்வளவு அழுத்தமாக விழுந்தது அண்மைக் காலத்தில்தான். 1994இல் சிலவகைத் தாக்குதல் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டம் வந்தபோது, அதை ஆதரித்துக் கூட்டாகக் கடிதம் எழுதிய முன்னாள் அதிபர்கள் மூவரில் ஃபோர்டும் ரீகனும் குடியரசுக் கட்சியினர், கார்ட்டர் ஜனநாயகக் கட்சியினர். இன்று அப்படியொரு கடிதத்தில் இரு கட்சிக் கையெழுத்துகளும் சேருமா என்பது ஐயமே.

நம்மிடமும் இக்கேள்வி எழுந்ததுண்டு. ஆங்கிலேயர் 1878இல் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தின் மீதிருந்த மனக்கசப்பால், ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை 1931ஆம் ஆண்டின் கராச்சி காங்கிரஸ் தீர்மானமே கோரியிருந்தது. அதை நினைவூட்டி, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை; தனிமனிதரின் உரிமையைவிட, நாட்டுக்கு நெருக்கடி வரும்போது ஆயுதம் ஏந்தும் கடமையே வலியுறுத்தத் தக்கது என்ற பொருளில் விடையளித்தார். திருத்தம் தோற்றது. முடிவு எப்படியிருந்தாலும், காரணத்துக்குக் காரணம் சொல்லி முடிந்த விவாதம் அது.

பண்ருட்டிக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருந்த என் தாய்மாமாவிடம் உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் அதைக் கோணிச் சாக்கில் சுற்றி, மிதிவண்டியின் பின்னிருக்கையில் கட்டிக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். அடுத்த தோப்புக்காரர் எதிர்க்கட்சி. அவரும் தம் துப்பாக்கியோடு உடன் வருவார். துப்பாக்கி உரிமச் சட்டத்தின் கெடுபிடிகளைப் பற்றி வழியெல்லாம் இருவரும் ஒருமித்துக் குறைப்பட்டுக்கொள்வார்கள். துப்பாக்கியால் வராத வம்பு மாமாவுக்கு மொய் எழுதியதால் வந்தது. அந்தத் தோப்புக்காரரின் மகள் திருமணத்துக்குப் போய் 101 ரூபாய் எழுதிவிட்டு வந்ததற்காக, சொந்தக் கட்சிக் கிளைக் கூட்டத்தில், "எவ்வளவுக்கு விலை போனீர்?" என்று கேட்டார்கள். கேட்டவர் மாமாவின் கையைப் பிடித்துக் கட்சிக்கு வந்தவர்தான். அதன்பின் மாமா கூட்டங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்; தோப்புக்காரரோடு பேசுவதையும்தான்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இத்தகைய செய்தியை வெளியிடும்போது, தலைவர்களின் ஏச்சுக்குத் தரும் இடத்தில் பாதியை, மசோதாவில் உள்ளது என்ன, கட்சியைக் கடந்து வாக்களித்தவர்கள் யார், சொந்தக் கட்சியில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பவற்றுக்குத் தாருங்கள். நம் சட்டமன்றச் செய்திகளுக்கும் இதையே செய்தால், என் போன்ற பழைய வாசகர்கள் மகிழ்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.